எந்தச் சடையன்

எழுபத்து மூன்றின் கீழ் இரண்டு ஏ.
மூன்று ஏக்கர் பதினெட்டு சென்ட்.
சில்வர் ஓக் நாற்பது, மிளகு ஏறியது அதில் பாதி,
காப்பிச் செடிகளை யாரும் எண்ணவில்லை.
உரிமையாளர் கலத்தில் ஒரே பெயர்:
கொளந்தை மகன் சடையன்.

அஸ்தம்பட்டியில் வக்கீல் சொன்னார்,
"ஒரு வம்சாவளி வரைஞ்சு வை,
திங்கக்கிழமை வேணும்."
கரண்ட் பில் கட்டிவிட்டு வா என்பது போல.

சடையன் ஐம்பத்து நான்கில் இறந்தார்.
சான்றிதழில் காரணம், காய்ச்சல்.
இறந்தவர் ஐம்பத்து ஒன்பது வரை
தவணை தவறாமல் கிஸ்தி கட்டியிருக்கிறார்.
நடுவில், ஐம்பத்தாறில்,
ஓர் ஆண்பிள்ளைக்கு அப்பாவும் ஆகியிருக்கிறார்.
ஏற்காட்டுக் காற்று உடம்புக்கு நல்லது என்பார்கள்,
இவ்வளவு நல்லதென்று நான் நினைக்கவில்லை.

தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர்.
கொளந்தை, சடையன், கொளந்தை, சடையன்,
மேடு ஏறுகிறவனின் இடது கால் வலது கால்.
அண்ணனும் வைப்பான், தம்பியும் வைப்பான்,
சம்பந்தமே இல்லாத அடுத்த கொத்துக்காரனும் வைப்பான்.
ஒரே ஓடையில் மூன்று சடையன்கள்
குனிந்து தண்ணீர் மொண்டிருப்பார்கள்.
யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது.
முதலில் குழம்பியவர்
பேனா வைத்திருந்தவர்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி,
அப்புறம் இன்னொரு பஸ் பிடித்து, நாகலூர்.
பொங்கியண்ணன் தகரப்பெட்டியைத் திறந்தார்.
"ஒரே சடையன்தான், எங்க தாத்தன்."
ஒற்றை விரலைக் காட்டினார், அந்த விரலே சாட்சி என்பதாக.
வரப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளச்சி.
அவளிடம் பெட்டியும் இல்லை.
"எங்க தாத்தனும் சடையன்தான்" என்றாள்,
மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே.

கடைசியில் கிடைத்தது பிடாரன் வீட்டுப் பரணில்,
இரண்டு பேருக்கும் வேண்டாத வீடு.
ஐம்பத்திரண்டு வைகாசியில் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டு.
திருப்பிச் செய்யாத மொய் இன்னும் பாக்கி,
அதனால் எரிக்கவில்லை என்றான் மகன்.
கரப்பான் தின்றதுபோக ஆறு பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் பென்சிலில்:

பலாமரத்துச் சடையன், மாமன், 2—0—0
கெணத்துமேட்டுச் சடையன், பங்காளி, 1—0—0, சாமை நாலு வள்ளம்

ஒரே மாப்பிள்ளைக்கு
ஒரே ஆள் மாமனாகவும் பங்காளியாகவும் இருக்க முடியாது.
சட்டப் புத்தகத்தில் இது இல்லை,
அதைவிடக் கெட்டியான இடத்தில் இருக்கிறது.
ஆகவே இரண்டு சடையன். ஆகவே இரண்டு கொளந்தை.
பென்சிலில் எழுதின அந்த மனுசன்
தெரியாமலே எனக்கு ஒரு மலையை இரண்டாகப் பிளந்து கொடுத்தான்.

பொங்கியண்ணன் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"அப்ப காச்சல்ல செத்தது?"
"பலாமரத்தார். உங்க தாத்தா கெணத்துமேட்டார்."
"அந்தச் சான்றுத் தேதிக்குத்தானே
வருசா வருசம் தேங்கா உடைக்கிறேன்."

வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு.
"எங்க தாத்தனுக்கா இத்தன நாளு உடச்ச?
நாங்க ஒருத்தரும் உடைக்கலியே."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை.
விரல் மடக்கி எதையோ கணக்குப் போட்டார்.
மாமன் வழி, பேத்தி.
பங்காளி வழி, பேரன்.
நாற்பது வருடமாக அவளை
அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார்,
வாய்க்கால் தகராறில் திட்டும்போதுகூட.
இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.
வெள்ளச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு
மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் தாத்தன் எப்போது இறந்தார் என்று
எந்தத் தாளிலும் இல்லை.
பலாமரம் நிலத்துக்குள் நிற்கிறது, கிணற்றுமேடு எல்லைக்கு வெளியே,
கிஸ்தி ரசீது மேட்டுக்காரர் பெயரில்.
அது திங்கட்கிழமைப் பாடு.

இறங்கும் பஸ்ஸில் மடிமேல் தாளை விரித்தேன்.
மரம் மாதிரி வரவேண்டும் என்பார்கள்.
வந்தது, உண்ணிச்செடிப் புதர்.
பதினான்காம் வளைவில் பென்சில் வழுக்கி
உறவே இல்லாத இரண்டு பேரை
ஒரு கோடு தொட்டுவிட்டது.
ரப்பரை எடுத்தேன்.
யார் கண்டது என்று
பையிலேயே போட்டுவிட்டேன்.